ஹேண்டிகேமில் எது கோளாறு, எது அதன் குணம்? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணா, இது ஓடுமா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டுக்கொண்டே யாராவது ஒரு மஞ்சப் பையில் பழைய ஹேண்டிகேமைக் கொண்டுவந்து வைப்பது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும். பாலக்கோட்டுப் பக்கம் காதுகுத்து, கல்யாணம், கூத்து என்று சில வருஷம் வீடியோ எடுத்தவன் நான், அதனால் கேமரா என்றால் என்னிடம் வருகிறார்கள். வருகிறதில் பாதிக்கு மேல் பழுதே இருக்காது. ஒரு செட்டிங் மாறியிருக்கும், அல்லது அந்தக் கேமராவின் பிறவிக் குணமே அதுவாக இருக்கும். இன்னொரு பக்கம், நிஜமாகவே பழுதான கேமராவை "பழசு, அப்படித்தான் வரும்" என்று வைத்திருந்து, இருந்த ஒரே கேசட்டையும் அது கடித்துத் துப்பிய பிறகு வருகிறவர்களும் உண்டு. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் இது கோளாறா, செட்டிங்கா, குணமா என்று பிரித்துச் சொல்கிறேன். கோளாறு என்றால் செலவு செய்யலாமா என்று யோசிக்கலாம், செட்டிங் என்றால் மாற்றிவிட்டுப் போகலாம், குணம் என்றால் அதற்கு ஏற்றபடி நாம் எடுக்கப் பழக வேண்டும். பழைய கேமரா வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போகிறவர்களுக்கும் இதே சோதனைகள்தான்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் மூன்று சோதனை

சார்ஜரை நேரடியாக மாட்டி, கேமரா மோடில் வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் படம் வருகிறதா பாருங்கள். இது ஒன்று. அடுத்து பிளே மோடுக்கு மாற்றி, முன்னால் நன்றாகப் பதிவான ஒரு கேசட்டையோ கார்டையோ ஓட்டிப் பாருங்கள், ஆனால் அது போனாலும் பரவாயில்லை என்கிற கேசட்டாக இருக்க வேண்டும். அம்மா அப்பா கல்யாண கேசட்டை முதல் சோதனைக்குப் போடவே போடாதீர்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மூன்றாவது, மஞ்சள் வெள்ளை சிவப்பு ஒயரையோ, இருந்தால் எச்.டி.எம்.ஐ. ஒயரையோ டிவியில் மாட்டி அதே படத்தை டிவியில் பாருங்கள்.

கேமரா மோடில் படம் கெட்டு, ஓட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு லென்ஸ் அல்லது சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) பக்கம். கேமரா மோடில் நன்றாக இருந்து, ஓட்டினால் கெடுகிறது என்றால் ஹெட் (டேப்பில் படத்தை எழுதவும் படிக்கவும் செய்யும் முனை), கேசட், கார்டு பக்கம். டிவியில் இரண்டும் நன்றாக இருந்து, மடக்கு ஸ்கிரீனில் மட்டும் வெள்ளையாகவோ கருப்பாகவோ நிற்கிறது என்றால் ஸ்கிரீனுக்குப் போகும் பட்டை ஒயர் மடங்கி மடங்கி அறுந்திருக்கும். மூன்றில் இதுதான் சின்னப் பிரச்சினை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால் ரிப்பேர் செய்யாமலேகூட ஓட்டலாம். எதிரில் உள்ளவர் தன்னைப் பார்க்கும்படி ஸ்கிரீனைத் திருப்பிவைத்தால் படம் வருகிறது, நம் பக்கம் திருப்பினால் போகிறது என்றால் அந்த ஒயர்தான் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

ஆன் ஆகவில்லை, ஆனாலும் உடனே அணைந்துவிடுகிறது

சார்ஜரில் நேராக ஓடுகிறது, பேட்டரியில் ஓடவில்லை என்றால் பேட்டரிதான், கேமராவை யாரும் பிரிக்க வேண்டாம். லித்தியம் பேட்டரியை முழுக்க இறங்கிய நிலையில் வருஷக்கணக்கில் பீரோவில் போட்டுவைத்தால் அது செத்துப்போகும். முழு சார்ஜில் வெயிலடிக்கும் தகர ஷீட்டுக்குக் கீழே வைத்தாலும் சீக்கிரம் போகும், நம் ஊர் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. பாதி சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, நிழலில் வைப்பதுதான் சரி. உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது.

பின் நுழைகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் செட்-டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டிவிடாதீர்கள். பல சோனி மாடல்களுக்கு 8.4 வோல்ட், செட்-டாப் பாக்ஸுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட். கேமராவின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சோனி ஸ்கிரீனில் C:04 என்று வந்தால் அது உங்கள் கேமராவுக்குத் தெரியாத பேட்டரி, கேமரா கெடவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரியைக் கழற்றி இன்னொன்றை மாட்டி ஓட்ட முடிவது கேமராவின் பெரிய பலம். போனில் முகூர்த்த நேரத்தில் பேட்டரி இறங்கினால் சுவர் ஓரம்தான் போக வேண்டும்.

கேசட் உள்ளே போகவில்லை, போனது வரவில்லை

கேசட் கதவைத் தள்ளி மூடியதால் வந்த வினைதான் இதில் பாதி. உள்ளே இருக்கும் தட்டில் அழுத்து என்று ஒரு குறி போட்டிருக்கும், அந்த இடத்தில் மட்டும் அழுத்த வேண்டும், அது தானாக இறங்கிய பிறகு வெளிக்கதவை மூட வேண்டும். அவசரத்தில் கதவோடு சேர்த்து அமுக்கினால் தட்டு கோணிக்கொள்ளும்.

சோனியில் C:21:00 என்று வந்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கிறது என்று அர்த்தம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் வெளியே எடுத்துவிட்டு, கூட்டமும் அடுப்புமாக வெக்கையாக இருக்கும் கல்யாண வீட்டுக்குள் அப்படியே நுழைந்தால் இது வரும். ஏ.சி. காரில் ஒகேனக்கல் போய் இறங்கியவுடன் சாரலில் கேமராவைத் திறந்தாலும் வரும். சில்லென்ற சொம்பின் வெளியே தண்ணீர் முத்துக் கட்டுவதுபோல ஹெட்டைத் தாங்கிச் சுழலும் உருளையான ஹெட் டிரம்மின்மேல் ஈரம் கட்டுகிறது, அதில் டேப் ஒட்டிக்கொள்ளும். கேசட்டை எடுத்துவிட்டு, ஆஃப் செய்து, கேசட் கதவைத் திறந்தபடி ஒரு மணி நேரம் வையுங்கள். ஹேர் டிரையர் போடாதீர்கள். அடுத்த முறை குளிரிலிருந்து சூட்டுக்கு வரும்போது கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் ஒன்றான பிறகு எடுங்கள். இது கோளாறு இல்லை, கேமரா தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

C:31, C:32 என்று ஆரம்பிக்கும் எண்கள் வேறு. முதலில் கேசட்டை எடுத்துத் திரும்பப் போடுங்கள், பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது, ரிப்பேர்தான். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கேசட்டை எடுத்த கேமரா ஒன்றும் திரும்ப ஓடி நான் பார்த்ததில்லை.

கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, பட்டை பட்டையாக விழுகிறது

கேசட் கேமராவில் அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் ஏமாற்றப்படுவதும் இதில்தான். என் முதல் கேமராவில் இப்படி வந்தபோது ஒரு கடையில் "ஹெட் போச்சு, மாத்தணும்" என்றார்கள், கேமரா விலையில் கால்வாசி வாங்கினார்கள். ஆறு மாதத்தில் அதே மாதிரி திரும்ப வந்தது. அந்த முறை ஒரு கிளீனிங் கேசட்டைப் போட்டேன், சரியாகிவிட்டது. முதல் தடவையும் அழுக்குதான் என்று அப்போதுதான் புரிந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. 1995இல் வந்த மினிடிவி கேசட்டில் (இந்த டிவி டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம்) டேப்பின் அகலமே 6.35 மில்லிமீட்டர்தான். நிமிஷத்துக்கு 9000 சுற்று சுழலும் டிரம்மில் எதிரெதிராக இரண்டு ஹெட் இருக்கும். நம் நாட்டு டிவி முறையான பாலில் (PAL) ஒரு ஃபிரேம், அதாவது ஒரு முழுப் படம், 12 தடங்களாகச் சாய்வாக எழுதப்படுகிறது, ஒரு தடத்தை ஒரு ஹெட் என்றால் அடுத்த தடத்தை மற்ற ஹெட். ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு ஹெட்டில் மட்டும் அழுக்கு அடைத்தால் ஒன்றுவிட்டு ஒரு தடம் போகும், படத்தில் குறுக்குப் பட்டைகளாக ஒன்று ஓடும், ஒன்று உறைந்து நிற்கும். கட்டங்கள் அங்கங்கே சிதறி விழுந்தால் இரண்டு ஹெட்டிலும் அழுக்கு, அல்லது டேப் நசுங்கியிருக்கிறது. ஹி8, வி.எச்.எஸ்-சி மாதிரி அனலாக் கேமராவில் கட்டம் விழாது, மழை மாதிரி வெள்ளைப் புள்ளி விழும், ஆனால் காரணம் அதேதான்.

இந்த வரிசையில் போங்கள்.

1. வேறு கேசட் போட்டுப் பாருங்கள். அதில் நன்றாக இருந்தால் சந்தேகம் முதல் கேசட்டின்மேல்.

2. அந்தக் கேசட்டைக் கடைசி வரை ஓடவிட்டு முழுக்கத் திருப்பிச் சுற்றுங்கள். பல வருஷம் அசையாமல் கிடந்த டேப் சில இடத்தில் இறுகியும் சில இடத்தில் தளர்ந்தும் இருக்கும். ஆனால் இதற்கு முன்னால் கேசட்டின் ஜன்னல் வழியே சுருளைப் பாருங்கள், ஓரத்தில் சாம்பல் தூவினதுபோல வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டவே ஓட்டாதீர்கள், டேப்பும் போகும், ஹெட்டும் போகும், அடுத்துப் போடும் கேசட்டும் போகும்.

3. காய்ந்த வகை கிளீனிங் கேசட்டை 10 நொடி மட்டும் ஓட்டுங்கள். அது மெல்லிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது, நிறைய ஓட்டினால் ஹெட் தேயும். ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிச் சுற்றவும் கூடாது. ஒருமுறை, தேவைப்பட்டால் இன்னொருமுறை, அதோடு நிறுத்துங்கள்.

4. புதுக் கேசட்டில் ஒரு நிமிஷம் எடுத்து அதே கேமராவில் ஓட்டுங்கள். இதுவும் சிதறினால் அப்போதுதான் ஹெட் தேய்ந்ததா என்று யோசிக்க வேண்டும்.

நான்காவதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சில கேமராக்களில் தான் எடுத்த கேசட்டைத் தானே நன்றாக ஓட்டும், அதையே வேறு கேமராவில் போட்டால் சிதறும். டேப் போகும் பாதை கொஞ்சம் விலகியிருக்கிறது என்று அர்த்தம், எல்.பி. (லாங் பிளே) மோடில் எடுத்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் 60 நிமிஷக் கேசட்டில் 90 நிமிஷம் அடைக்கத் தடத்தை 6.7 மைக்ரானுக்குக் குறைத்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட கேமராவைச் சரி செய்யக் கொடுத்துவிடாதீர்கள், விற்கவும் வேண்டாம். அது எடுத்த கேசட்டுகளைப் படிக்கத் தெரிந்த ஒரே கேமரா அதுதான். எல்லாக் கேசட்டையும் அதிலேயே ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றினால் படம் மட்டமாக வருகிறது

மினிடிவி கேமராவில் யு.எஸ்.பி. ஓட்டை இருக்கிறதே என்று அதில் மாட்டியிருப்பீர்கள். பெரும்பாலான மாடல்களில் அது போட்டோவுக்கும் வெப்கேம் தரத்துப் படத்துக்கும்தான். டேப்பில் இருப்பது அப்படியே வர வேண்டுமானால் DV என்றோ ஐ.லிங்க் என்றோ எழுதிய சின்ன ஓட்டை, அதாவது ஃபயர்வயர். இப்போதைய லேப்டாப்பில் அது கிடையாது, பழைய டெஸ்க்டாப்பில் ஒரு ஃபயர்வயர் கார்டு போடுவதுதான் எனக்குத் தெரிந்து தொல்லை குறைந்த வழி. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. ஆகும், ஆகட்டும், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏற்றும்போதே சுருக்காதீர்கள். வழியே இல்லை என்றால் மட்டும் மஞ்சள் வெள்ளை சிவப்பு ஒயரை யு.எஸ்.பி. கேப்சர் ஸ்டிக்கில் மாட்டி எடுங்கள்.

வீட்டில் பழைய வீடியோ8, ஹி8 கேசட்டுகள் இருந்தால் ஒரு டிஜிட்டல்8 கேமரா கிடைக்குமா என்று தேடுங்கள். 1999இல் வந்த ரகம், அதில் பல மாடல்கள் பழைய அனலாக் கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயர் வழியாகவே டிஜிட்டலாகக் கொடுக்கும். எல்லா மாடலும் செய்யாது, வாங்கும்முன் ஒரு ஹி8 கேசட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படம் எடுக்க அது லாயக்கில்லாமல் போயிருந்தாலும் இதற்காகவே வாங்கலாம்.

ராத்திரியில் புள்ளி புள்ளியாக நெளிகிறது

இது கோளாறு இல்லை, குணம். வீட்டுக் கேமராக்களின் உண்மையான பலவீனம் இதுதான், விளம்பரத்தில் சொல்லவே மாட்டார்கள். கேமரா பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெளிச்சம் குறைந்தால் கேமரா சிக்னலைத் தானே பெருக்குகிறது, பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகிப் புள்ளியாகத் தெரிகிறது.

பெட்டியில் இத்தனை லக்ஸ் வரை எடுக்கும் என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தள்ளித் தரும் வெளிச்சம்தான் கிட்டத்தட்ட 1 லக்ஸ். அதில் ஏதோ தெரிகிறது என்பதும், பார்க்கிற மாதிரி தெரிகிறது என்பதும் ஒன்றல்ல, அதுவும் ஷட்டரை மெதுவாக்கி, அதாவது வெளிச்சத்தை அதிக நேரம் உள்ளே விட்டு, அளந்த எண்ணாகக்கூட இருக்கும். கடையில் செய்ய வேண்டிய சோதனை: ஒரே ஒரு பல்ப் எரியும் மூலைக்குப் போய் ஒருவர் முகத்தை எடுங்கள், கடைக்காரர் தலைமுடியும் பின்னாலிருக்கும் இருட்டும் பிரிந்து தெரிகிறதா பாருங்கள். அவரைக் கையை ஆட்டச் சொல்லுங்கள், கை பின்னால் நிழல் இழுத்துக்கொண்டு போனால் ஆட்டோ ஸ்லோ ஷட்டர் ஆனில் இருக்கிறது, மெனுவில் அணைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள். அப்போது தெரிவதுதான் அந்தக் கேமராவின் நிஜமான ராத்திரிப் பார்வை.

தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய கூத்து எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான் முதல் வருஷம் கூட்டத்துக்குப் பின்னால் வசதியாக ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஜூம் போட்டு எடுத்தேன், ராத்திரி முழுக்க எடுத்தது ஒன்றும் பார்க்க முடியவில்லை. அடுத்த வருஷம் ஜூமைத் தொடாமல் களத்து ஓரமாகப் போய் உட்கார்ந்தேன், அதே கேமரா, அதே விளக்கு, அரிதாரத்தின் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று வந்தன. காரணம் இதுதான்: இந்த லென்ஸ்கள் ஜூம் போடாத அகலமான முனையில் எஃப் 1.8 மாதிரித் திறக்கும் (எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது), முழு ஜூமில் எஃப் 4 ஆகச் சுருங்கும், உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ராத்திரியில் கால்தான் ஜூம்.

நைட்ஷாட் என்று ஒரு பட்டன் இருக்கும், பச்சையாகத் தெரியும், அது இன்ஃப்ராரெட். பகலில் தெரியாமல் ஆன் ஆகியிருந்தால் படம் வெளுத்து நிறமே இல்லாமல் வரும், சென்சார் போய்விட்டது என்று சிலர் பயந்துபோய்க் கொண்டுவந்திருக்கிறார்கள். பட்டனைத் தள்ளினால் தீர்ந்தது.

ஃபோகஸ் அலைகிறது

வெளிச்சம் குறைவாக இருக்கும்போதும், வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டும்போதும், முன்னால் யாராவது குறுக்கே போகும்போதும் அலைந்தால் குணம். முழு ஜூம் போட்டு முகத்தில் ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, ஜூமைத் திரும்ப எடுத்துவிட்டு எடுங்கள், ஆள் இடம் மாறாதவரை அப்படியே நிற்கும். இப்படிச் செய்தும் ஜூமை எடுத்தவுடன் படம் மங்கினால் அது கோளாறு, லென்ஸ் உள்ளே நகர்ந்திருக்கிறது, விழுந்த கேமராவில் வரும். சோனியில் E:61 என்று வந்தாலும் லென்ஸ் பக்கப் பழுது, பெரும்பாலும் செலவுக்கு ஈடாகாது.

ஒகேனக்கல்லில் எடுத்த படம் எல்லாம் ஃபோகஸ் இல்லை என்று வருகிறவர்கள் முதலில் லென்ஸ் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், சாரல் காய்ந்த தடம் இருக்கும். துண்டால் துடைக்காதீர்கள், ஊதி, பிறகு சுத்தமான மெல்லிய துணி. அங்கே இன்னொன்று: வெள்ளை வெளேரென்று அருவியும் கருத்த பாறையும் சேர்ந்தால் ஆட்டோ குழம்பும், பரிசலில் இருப்பவர்கள் முகம் கருத்துவிடும். பேக்லைட் பட்டன் அதற்குத்தான்.

விளக்கு மினுக்குகிறது, வெள்ளைக் கோடு விழுகிறது, கம்பம் சாய்கிறது

அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய கேமராவில் டியூப் லைட் மினுக்குகிறதா? கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது, அந்த ஊர்க் கேமரா 60 கணக்கில் ஓடுகிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஷட்டரை 1/100க்கு வைக்க முடிந்தால் மினுக்கு நிற்கும். வைக்க முடியாத மாடலாக இருந்தால் பகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேடை எல்.இ.டி. விளக்குகளில் சிலது எந்தக் கேமராவிலும் மினுக்கும், அது விளக்கின் கோளாறு.

பழைய சி.சி.டி. சென்சார் கேமராவில் பளிச்சென்ற விளக்கைக் காட்டினால் மேலிருந்து கீழ் வரை ஒரு வெள்ளைக் கோடு நிற்கும். குணம். பிறகு வந்த சிமாஸ் சென்சாரில் அந்தக் கோடு இல்லை, பதிலுக்கு வேறு இரண்டு உண்டு. போட்டோகிராபர் ஃபிளாஷ் அடித்தால் அரைப் படம் மட்டும் வெளுக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் காளையோடு சேர்த்துக் கேமராவை வேகமாகத் திருப்பினால் மூங்கில் தடுப்பெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் வருவது இது. ஓடும் காளையைப் பின்தொடர வேண்டும் என்றால் பழைய சி.சி.டி. கேமராதான் இன்றைக்கும் நேராக எடுக்கும், இருட்டுக்கும் தெளிவுக்கும் சிமாஸ். எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படம் ஊதா நிறத்தில் உருகினதுபோல வருகிறது

பிளே செய்தால் நன்றாக இருந்து, கேமரா மோடில் மட்டும் ஊதாவாகவோ நெளிந்தோ கருப்பாகவோ வந்தால் சி.சி.டி. போய்விட்டது. 2000களின் தொடக்கத்தில் தயாரான ஒரு வகை சி.சி.டி.யில் சூட்டிலும் ஈரத்திலும் உள் இணைப்பு விட்டுப்போகும் குறை இருந்தது, 2005இல் பல கம்பெனிகள் அதை வெளிப்படையாக அறிவித்து இலவசமாக மாற்றியும் கொடுத்தன. இன்றைக்கு அந்தச் சலுகை எல்லாம் இல்லை. ஆனாலும் அந்தக் கேமரா கேசட் ஓட்டும், தூக்கிப் போடாதீர்கள்.

சத்தம் ஏறி இறங்குகிறது, உஸ்ஸென்கிறது

தவில் அடிக்கும்போது அமுங்கியும், நின்றவுடன் கூட்டத்தின் முணுமுணுப்பு பெரிதாகியும் கேட்டால் அது ஆட்டோ ஒலி அளவின் குணம். மெனுவில் மேனுவல் ஒலி அளவு இருக்கும் கேமரா கிடைத்தால் விடாதீர்கள், அதோடு வெளி மைக் ஓட்டையும் ஹெட்ஃபோன் ஓட்டையும் இருந்தால் அது நல்ல கேமரா, ஜூம் எத்தனை எக்ஸ் என்பதைவிட எனக்கு இது முக்கியம். காற்றிரைச்சலுக்கு மைக்மேல் ஒரு பஞ்சுத் துண்டை ரப்பர் பேண்டால் கட்டினாலே பாதி குறையும். ஒரு பக்கச் சத்தம் மட்டும் மங்கினால் மைக் துளையில் புழுதி, மெல்லிய பிரஷால் தட்டுங்கள், ஊசி விடாதீர்கள். அமைதியான அறையில் கிர்ரென்று கேட்பது கேசட் மோட்டார், மைக் பக்கத்திலேயே இருப்பதால் அது போகாது.

மினிடிவி கேமராவில் ஆடியோ 12 பிட் என்று இருந்தால் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். பல கேமராக்கள் 12இல்தான் வரும்.

கார்டு, டிஸ்க் கேமராக்கள்

பழைய கேமராவில் 64 ஜி.பி. கார்டு ஏறவில்லை என்றால் கேமரா கெடவில்லை. 2 ஜி.பி. வரை சாதா எஸ்.டி., 32 வரை எஸ்.டி.எச்.சி., அதற்கு மேல் எஸ்.டி.எக்ஸ்.சி., அந்தக் கேமரா பிறந்தபோது பெரிய ரகம் இல்லை. ரெக்கார்டு நடுவில் நின்றால் முதலில் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை நகல் எடுத்த பிறகு, அப்புறமும் நின்றால் கிளாஸ் 10 கார்டு போடுங்கள்.

2006இல் வந்த ஏ.வி.சி.எச்.டி. என்ற எச்.டி. ரகக் கேமராவில் நீளமான பதிவு பல எம்.டி.எஸ். ஃபைல் துண்டுகளாகக் கிடக்கும், அது இயல்பு. துண்டுகளை மட்டும் பொறுக்காமல் முழு ஃபோல்டரையும் நகல் எடுங்கள், இல்லையென்றால் சேர்க்கும் இடத்தில் தாலி கட்டும் நொடி குதிக்கும். கம்ப்யூட்டரில் அசையும் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் அது ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று மாற்றி மாற்றி எடுக்கும் இன்டர்லேஸ் முறை, வி.எல்.சி. பிளேயரில் டீஇன்டர்லேஸ் போட்டால் போகும்.

8 செ.மீ. டிவிடி டிஸ்க்கில் எடுக்கும் கேமராவில் ஒரு அவசரம் இருக்கிறது. ஃபைனலைஸ் செய்யாத, அதாவது பதிவை முடித்து மூடாத டிஸ்க்கை மற்ற பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது, அதைச் செய்யப் பாதுகாப்பான இடம் எடுத்த கேமராதான். கேமரா ஓடும்போதே வீட்டில் இருக்கும் எல்லா டிஸ்க்கையும் போட்டு முடித்துவிடுங்கள். காரில் இருக்கும் வாய் மாதிரி இழுக்கும் பிளேயரில் அந்தச் சின்ன டிஸ்க்கைப் போட்டால் வெளியே வராது. ஹார்டு டிஸ்க் கேமராவை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்து எடுக்காதீர்கள், அதிர்வில் பதிவு நின்றுவிடும்.

ஜூம் போட்டால் ஆடுகிறது, கலங்குகிறது

கலங்கினால் டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணையுங்கள், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் அதுதான், நமக்கு வேண்டியது ஆப்டிகல் எண் மட்டும். ஆடினால் குணம், ஸ்டாண்டு போடுங்கள், ஸ்டாண்டு போட்டால் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெடி பட்டனை அணையுங்கள். தைப்பூசத்தில் குமாரசாமிப்பேட்டைத் தேர் தெரு முனையில் திரும்புவதை மொட்டை மாடியிலிருந்து ஒரே சீராக ஜூம் செய்து எடுக்கவும், இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடவும் இந்தக் கேமராக்களால் இன்றைக்கும் முடிகிறது.

ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறது

உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி இறங்கிவிட்டது. பல மாடல்களில் அது திரும்ப சார்ஜ் ஆகும், கேமராவை ஆஃப் செய்து அடாப்டரை மாட்டி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள், பிறகு தேதியை வையுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டாலும் படம் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் தேதி வைக்க மறக்காதீர்கள்.

ஏற்கெனவே தேதி தப்பாக விழுந்த கேசட்டுகளுக்கு நான் செய்வது: கல்யாணக் கேசட்டில் ஆரம்பத்தில் பத்திரிகையைக் காட்டுவார்கள், அந்த இடத்தில் நிறுத்திப் படியுங்கள். பத்திரிகை இல்லாவிட்டால் பின்னால் தெரியும் பேனர், சுவர் விளம்பரம், கடைப் பலகை எதிலாவது ஊர் முகவரியைத் தேடுங்கள். ஓசூரோ கிருஷ்ணகிரியோ ஊத்தங்கரையோ, அதன் கீழே தர்மபுரி மாவட்டம் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 2004 பிப்ரவரிக்கு முன்னால் எழுதினது, அப்போதுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. போன மாதம் பெயரே எழுதாத ஒரு கேசட்டை இப்படித்தான் கண்டுபிடித்தோம், பந்தலுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடைப் பலகை. கேசட்டைக் கொண்டுவந்த அக்கா அதைப் பார்த்ததும் "அப்போ இது பெரியவன் பொறக்கிறதுக்கு முந்தி" என்றார். வருஷத்தை ஃபைல் பெயரிலும் கேசட் மேலும் எழுதி, மேலே வேறு எதுவும் பதிந்து அழியாமலிருக்க இருக்கும் சின்ன தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, நிமிர்த்தி அடுக்கிவைத்தோம்.